ஓரம் அடைக்காத போர்வை

பாப்பா,

பவுனு அத்தை கண் காட்டத் தஞ்சாவூர் வருகிறாள். அவள் கையில் ஒரு துணிப் பொட்டலத்தையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலத்தில் இருப்பது உன் அம்மா உனக்காகத் தைத்த போர்வை. முதலில் கடிதத்தைப் படி. பொட்டலம் எங்கேயும் ஓடிப்போகாது. அத்தையிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாத விஷயத்தைத்தான் அவள் அதிக நேரம் சொல்லுவாள்.

தை மாதம் கல்யாணம் என்று சொல்ல நீ ஊருக்கு வந்துவிட்டுப் போன அன்றைக்கு, உன்னை ஏற்றிவிட திருவாரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "அம்மா தச்ச போர்வைய மட்டும் எனக்குக் குடுத்துருங்கப்பா. எப்புடி இருக்கோ அப்புடியே வேணும். நீங்க அதுல கை வைக்க வேணாம்." நான் சரி என்றேன். பஸ் போனதும் ஒரு டீ குடித்தேன். டீ நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், குளித்தேன், சோறு தின்றேன். வருத்தம் வர வேண்டிய நேரத்தில் எனக்கு ஒன்றும் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதானே. சில நாள் கழித்து, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோதுதான் நீ சொன்னது உறைத்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். லோடு ஏற்றுகிறவர்கள் எனக்கு மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஒரு நல்ல ஓய்வு எடுத்துக்கொண்டார்கள்.

நீ கேட்டது நியாயம்தான். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. உனக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போடத் தெரியும், ஊசி பிடித்துத் தைக்கத் தெரியாது. அதனால் சொல்கிறேன். அம்மா தைக்கிற போர்வை எப்படி உருவாகும் என்று நீ சின்ன வயசில் பார்த்திருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். பழைய நூல் சேலைகளைக் கஞ்சி போகத் துவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிடுவாள். நடுவிலிருந்து ஆரம்பித்து, குட்டிக் குட்டித் தையலாக, எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வருவாள். ஓரம்தான் கடைசி. ஓரத்தை மடித்து, கரைத்துண்டு வைத்து அடைத்தால்தான் அது போர்வை. அதுவரைக்கும் அடுக்கடுக்காக வாய் திறந்து கிடக்கும் துணிதான். அப்படியே உனக்குக் கொடுத்தால் முதல் தடவை துவைக்கும்போதே ஓரத்து நூல் பிரியும். நாலைந்து தடவை துவைத்தால் அம்மாவின் தையலுக்கே வந்து சேரும். உன் போர்வை அந்த நிலையில்தான் இத்தனை வருஷமும் சாக்குக்குள் வேப்பிலையோடு கிடந்தது. ஓரம் மட்டும் அடைக்கவில்லை.

நீ என் கை படக்கூடாது என்று சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீ வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா பாதியில் விட்டுப்போன பண்ணை வீட்டுப் போர்வையை நான் ஏன் முடித்துக் கொடுத்தேன் என்பதுதான் உன் மனசில் இருக்கிறது. அப்போது உனக்குப் பத்து வயசு இருக்கும். நான் அந்தப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு பண்ணை வீட்டுக்குப் போனதைத் தெருவே பார்த்தது. நீயும் பார்த்தாய். அதற்கு அப்புறம் ரொம்ப நாள் நான் போட்ட சோற்றை நீ சாப்பிடவில்லை. அத்தை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாய். அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் நர்ஸ் படிப்பு. அப்பா என்று கூப்பிடுவதை நீ நிறுத்தவில்லை. லீவுக்கு வராமலும் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்குப் போனவள் வீட்டுக்குத் திரும்பி வரவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்த வருஷத்துக் கதையை நீ தெருவில் பல பேர் வாயால் கேட்டிருப்பாய். மேடையில் கேட்டிருப்பாய். மேடையில் கேட்டால் உன் அம்மா எப்போதும் கையை உயர்த்திக்கொண்டே இருந்ததுபோல் இருக்கும். நடந்தது இதுதான். குறுவை அறுப்புக்குக் கூலி நெல் கூட்டிக் கேட்டோம். பண்ணை ஒப்பவில்லை. வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்து இறக்கினார்கள். நம் பெண்கள் வயலில் இறங்கி வரப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். உன் அம்மாவும் உட்கார்ந்தாள். கோஷம் போடவெல்லாம் அவளுக்கு வராது. காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். போலீஸ் லாரி வந்தது. பண்ணை கொடுத்த புகாரில் பெயர் இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு திருச்சி ஜெயிலுக்குப் போனார்கள். நாம் ஓட்டுப் போட்ட ஆட்சிதான். அந்த ஆட்சியில்தான் போலீஸ் லாரியும் வந்தது. குடியிருக்கிற மனை உனக்கே சொந்தம் என்று பட்டாவும் அந்த ஆட்சியில்தான் வந்தது. இரண்டையும் எப்படிச் சேர்த்து நினைப்பது என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. படிப்பகத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துத்தான் எனக்கு எழுத்தே வந்தது. ஆனால் இதற்குப் பதில் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

அவர்களை விடுவித்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூலி பேசி முடிந்திருந்தது. கொஞ்சம் கூட்டித்தான் கொடுத்தார்கள். அம்மா காய்ச்சலோடு வந்தாள். ஜெயிலில் ஈரத்தரையில் படுத்தது என்றாள். கஷாயம் வைத்துக் கொடுத்தோம். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், ஊசி போட்டு அனுப்பினார்கள். காய்ச்சல் விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் வயலிலிருந்து வந்தபோது பவுனு அத்தை வாசலில் நின்று என்னை உள்ளே போகச் சொன்னாள். போனேன். அவ்வளவுதான். நான் அழவில்லை. மறுநாள் காலையில் களத்துக்குப் போனேன். அடுத்த மழைக்கு முன்னால் மூட்டை பிடிக்காவிட்டால் குவித்த நெல் முளைத்துவிடும், தைக்க ஆள் இல்லை என்றார்கள். தைத்தேன். சாக்கு தைக்கிறவனுக்குச் சணல் இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும். குத்தினாலும் தெரியாது. அன்றைக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. மனுஷனா இவன் என்று களத்திலேயே ஒருத்தி சொன்னாள். என் காதில் விழுந்தது. அது யாரோ ஒருவனைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தைத்தேன்.

கருமாதி முடிந்ததும் அம்மாவின் கூடையைப் பார்த்தோம். ஊரார் கொடுத்த சேலைகள், பாதியும் முக்காலுமாகத் தைத்தவை. செத்தவள் ஊசி குத்திவைத்த துணி வீட்டில் கிடக்கக்கூடாது என்று நம் தெருவில் சொல்வார்கள். பிரித்துக் கொடுத்துவிடு என்றாள் அத்தை. பிரிப்பது என்றால் அவள் போட்ட தையலை அறுப்பது. நான் கத்தரியை எடுத்தேன், ஒரு தையலைக்கூட அறுக்க முடியவில்லை. துக்கத்தால் என்று நினைக்காதே. கை அதற்கு வரவில்லை, அவ்வளவே. அதனால் தைத்து முடிப்பது என்று உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரே தையல், களத்துத் தையல். சாக்கு வாயை வளையம் வளையமாகக் கோத்து மூடி, கடைசியில் சுருக்கு முடிச்சு போடுவோம். மில்லில் சாக்கைக் கிழிக்காமல் திறக்க வேண்டும், திரும்பவும் பயன்படுத்த வேண்டும். சுருக்கை அவிழ்த்து நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் வாய் முழுவதும் சரசரவென்று திறந்துகொள்ளும். அந்தத் தையலில்தான் அத்தையின் போர்வைக்கு ஓரம் அடைத்தேன். கனமாக, அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அத்தை தெருவோடு வந்தாள். போர்வை ஒரு தோளில், ஓரத்துக் கரைத்துண்டு மண்ணில் நீளத்துக்கு இழுபட, பின்னால் ஒரு நாய் அதைக் கவ்விக்கொண்டு வந்தது. அவள் கால் மெட்டியில் நூல் நுனி மாட்டியிருக்கிறது, தூக்கத்தில் காலை நீட்டியிருக்கிறாள், மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. "அண்ணே, நான் என்ன நெல்லு மூட்டையா? என்னையத் தச்சு மில்லுக்கா அனுப்பப் போற?" என்று வாசலில் நின்று கத்தினாள். நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அம்மா போனபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கும் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். உனக்கு இது ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அதற்கு அப்புறம் அம்மா அடைத்து முடித்திருந்த பழைய போர்வையை எடுத்து வைத்துக்கொண்டு, ஊசி எங்கே நுழைகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து அவிழாத தையலைப் பழகினேன். கோணல்மாணலாக வந்தது. நன்றாக இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. என்ன சொல்வார்கள் பாவம்.

கூடையில் கடைசியாக இருந்தது பண்ணை வீட்டுப் போர்வை. அந்த வீட்டு இளைய மருமகள், நாமெல்லாம் சின்னம்மா என்று கூப்பிடுவோமே, அவள் பிள்ளை உண்டாகியிருந்தபோது கொடுத்தது. கூலித் தகராறுக்கு முன்னால். நம் தெருவில் தைத்தாலும் வண்ணார் வெள்ளாவியில் வைத்துக் கொடுத்த பிறகுதான் அவர்கள் வீட்டுக்குள் போகும். அது உனக்குத் தெரியும். அதை என்ன செய்வது என்று தெருவில் பேச்சு வந்தது. கொளுத்து என்றார்கள் சிலர். வாசலில் வீசிவிட்டு வா என்றார்கள் சிலர். நீ மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். கொளுத்தத்தான் நானும் எடுத்தேன் பாப்பா. கொல்லைக்குக் கொண்டுபோனேன். தீப்பெட்டி கையில் இருந்தது. அப்போதுதான் திறந்து கிடந்த ஓரத்தைப் பார்த்தேன். மேலேயும் கீழேயும் அவர்கள் வீட்டு மெல்லிய சேலை. நடு அடுக்கில் பச்சையில் மஞ்சள் பூப் போட்ட நூல் சேலை. அது உன் தூளிச் சேலை. உன்னை அம்மா தூளி கட்டி ஆட்டியது அதில்தான். நீ நடக்கிற வரைக்கும் அதில்தான் தூங்கினாய். அம்மா போனபின் அந்தச் சேலையை நீ வீடு முழுக்கத் தேடினாயே, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அழுதாயே, அது அங்கே இருந்தது.

அம்மா ஜெயிலிலிருந்து வந்த பிறகு, காய்ச்சலோடு சுவரில் சாய்ந்துகொண்டு அந்தப் போர்வையைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம். "இன்னுமா அதத் தச்சிக்கிட்டிருக்க? அவுக குடுத்த புகார்லதானே உன்னைய லாரில ஏத்துனான்?" என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தம்மா வயித்துல இருக்குறது என்ன தாசில்தாரா, இன்ஸ்பெக்டரா? புள்ளதானே. போய்க் கஞ்சியக் கிண்டு, அடி புடிக்கிது" என்றாள். உன் சேலையை உள்ளே வைத்ததைச் சொல்லவே இல்லை. நானும் மேலே கேட்கவில்லை. கஞ்சி அடிப்பிடித்துத்தான் போயிருந்தது.

கொல்லையில் நின்றபோது அந்தச் சேலையை மட்டும் உருவிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். முடியாது. நடுவிலிருந்து அம்மா தைத்துக்கொண்டு வந்த ஒவ்வொரு தையலும் அதைக் குத்தித்தான் போயிருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் அவள் காய்ச்சலில் போட்டதையெல்லாம் அறுக்க வேண்டும். கொளுத்தினால் உன் தூளியையும் சேர்த்துக் கொளுத்த வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் அது அவர்கள் சேலை, தெரு விடாது, திருட்டு என்று இன்னொரு புகார் வரும். ஓரத்தை அடைத்தேன். அவிழாத தையலில்தான் அடைத்தேன். அடைத்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பண்ணை வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். வண்ணார் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். சின்னம்மாவே வந்துவிட்டாள். நிறைமாசம். கிணற்றடியில் வேலைக்காரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னம்மா அவளுக்குத் தெரியாதபடி, வெளுப்பதற்கு முன்னாலேயே அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். அந்த வீட்டில் நம் கையிலிருந்து எதையும் கையில் வாங்கி நான் பார்த்ததில்லை. தடவிப் பார்த்தாள். "உள்ள வச்சிருக்காளா?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. பிறந்த பிள்ளையைப் பழந்துணியில்தானே போடுவோம், அதிலும் நன்றாக வளர்ந்த பிள்ளையின் துணி என்றால் விசேஷம். நீ நோய்நொடி இல்லாமல் களத்துமேட்டில் ஓடியாடி வளர்ந்தவள். உன் தூளித் துணியைக் கேட்டு வாங்கியிருக்கிறாள், மாமியாருக்குத் தெரியாமல். அம்மா கொடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். "இருக்குதுங்கம்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். உன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள். நான் வந்துவிட்டேன். கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

மார்கழியில் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பெண். தங்கியது. பங்குனியில் ஒரு நாள் அந்த வீட்டுக் கொல்லைக் கொடியில் போர்வை காய்ந்ததைப் பார்த்தேன். நடுவில் ஈரம் இன்னும் காயாமல், உள்ளே இருந்த பச்சை மங்கலாக மேலே தெரிந்தது. வெளிச்சத்துக்கு எதிரே நின்றால்தான் தெரியும். நான் நின்றேன். பிறகு நில உச்சவரம்புச் சட்டம், வழக்கு, பிரிவினை என்று அந்தக் குடும்பமே நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனது. பண்ணையில் ஒரு பகுதியை நம் தெருக்காரர்களே வாங்கிச் சாகுபடி செய்கிறார்கள். அந்தப் போர்வை எங்கே போனதோ. அந்தப் பெண்ணுக்கு இப்போது உன்னைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் உனக்குப் பத்து வயசு, தெருவில் போய்ச் சொல்லிவிடுவாய் என்று பயம். செத்தவள் அந்த வீட்டுக்குத் தன் பிள்ளையின் துணியையே கொடுத்தாள் என்று தெரிந்தால், வரப்பில் உட்கார்ந்தவளை நம் ஆட்களே ஒரு மாதிரியாகப் பேசுவார்கள். பண்ணை வீட்டில் தெரிந்தால் அந்தப் போர்வையைத் தீயில் போட்டிருப்பார்கள். அப்புறம் நீ பெரியவள் ஆனாய், நான் சொல்லியிருக்கலாம். நீ வரும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லலாம் என்று மீன் வாங்கி வருவேன். நீ மீனைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவாய். இதை ஒரு சாமர்த்தியம் என்று நினைக்காதே. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவரும் அதிகம் பேசாதவர் என்று, முன்னால் ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது பார்த்தேன். கண்டக்டர் வேலையில் டிக்கெட் டிக்கெட் என்று கத்திக் கத்தி வாய் வலித்துப்போகிறதோ என்னவோ. அவர் பேசாவிட்டால் நீ விட்டுவிடாதே. சட்டையைப் பிடித்து உட்காரவைத்துக் கேள். நீ என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நான் அப்படிப்பட்ட ஆள். கேட்டால்தான் வாய் திறக்கும்.

அந்தக் கூடையோடு என் தையல் நிற்கவில்லை. கண் மங்கியவர்கள், பெண்சாதி போனவர்கள், பாதியில் கிடந்ததையெல்லாம் கொண்டுவந்தார்கள். சாக்கு தைக்கிற ஆள் போர்வைக்கு ஓரம் அடைக்கிறான் என்று முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. எனக்கென்றும் ஒன்று தைத்தேன், என் பழைய வேட்டிகளைக் கொண்டு. ஓரத்துக்குக் கட்சிக்கரை. கட்சி உடைந்தபோது வேட்டிக்கரையும் இரண்டாகிவிட்டது, உனக்குத் தெரியும். ஒரு பக்கம் பழைய கரை, எதிர்ப்பக்கம் புதுக்கரை. தலைவர்கள் ஒரே மேடையில் உட்காரவில்லை, என் போர்வையில் இரண்டும் சண்டை போடாமல் என் கழுத்துவரைக்கும் வருகின்றன. அதை முடித்துவிட்டேன். அதைப் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன். கடைசியிலும் அதைப் போர்த்தினால் போதும், புதுத்துணி வாங்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு எந்தக் கரை வேட்டியில் வருவது என்று மட்டும் நீ சொல்லிவிடு, சம்பந்தி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரார் போர்வையெல்லாம் அடைத்தவன் உன்னுடையதை ஏன் அடைக்கவில்லை என்றால், எனக்குத் தைரியம் வரவில்லை. மேல் அடுக்கு அம்மாவின் கூறைச்சேலை. கல்யாணத்துக்குப் பிறகு அதை அவள் கட்டவே இல்லை, நீ பிறந்ததும் உனக்கு என்று எடுத்துவைத்தாள். ஓரம் வரைக்கும் வந்து நின்றிருக்கிறாள். அவள் கடைசியாகக் குத்திய ஊசி அப்படியே இருந்தது, துருப்பிடித்து. வருஷத்துக்கு ஒரு முறை வேப்பிலை மாற்ற எடுப்பேன், விரித்துப் பார்ப்பேன், மடித்து வைத்துவிடுவேன். அடைத்துவிட்டால் அவள் வேலை முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. இதை எழுதும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது பாப்பா. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எழுத்து கலங்கியிருந்தால் அதுதான் காரணம், மழை இல்லை.

நீ கை வைக்காதே என்றாய். நான் கை வைத்துவிட்டேன். திறந்த ஓரத்தோடு அனுப்பினால் அது உன்னிடம் ஒரு வருஷம் தாங்காது. அம்மாவின் ஊசியை எடுத்து இந்தக் கடிதத்தோடு ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி, குத்தும். அவள் தையல் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. அவள் நிறுத்திய இடத்துக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் என்னுடையது. நாலு ஓரத்தையும் களத்துத் தையலில் அடைத்திருக்கிறேன், அவிழாத தையல் தெரிந்தும். நூலும் சணல் நூல்தான், அதனால் எது என்னுடையது என்று தடவினாலே தெரியும். சுருக்கின் நுனியை உள்ளே மறைக்காமல் ஒரு மூலையில் வெளியே விட்டிருக்கிறேன். உனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிடு. என்னுடையது முழுவதும் வந்துவிடும். அம்மாவுடையது அப்படியே இருக்கும்.

இழுக்காமல் வைத்துக்கொண்டால், மெட்டி போட்டுக்கொண்டு படுக்கும்போது காலை மட்டும் பார்த்துக்கொள்.

அப்பா